என் வலது கண்ணும் லட்சம் கோடியில் ஒரு பங்கு மருந்தும்

எங்கள் ஊரில் ஒருவருடைய கண் சிவந்திருந்தால் காரணத்தை எவரும் விசாரிப்பதில்லை. காரணம் ஊரின் நடுவே மலை மலையாகக் கிடக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகப் பூமிக்குள்ளிருந்து கல்லை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கலந்து பொன்னைப் பிரித்துக்கொண்டு, மீந்த மாவை வெளியில் கொட்டினார்கள். பொன் போன இடம் நமக்குத் தெரியாது. மாவு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சயனைடு மேடு என்று அதற்குப் பெயர். கோடையில் காற்று எழும்போது அந்த மேட்டின் தூசு, காயப்போட்ட வேட்டி, மூடாத சோற்றுப்பானை, திறந்த கண் என்ற பேதம் பாராமல் அனைத்தின்மீதும் சமமாகப் படியும். சமத்துவம் என்ற ஒன்றை இவ்வூரில் நான் கண்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எஞ்சிய கல்வியை அகராதியிடமும் பழைய புத்தகக் கடையிடமும் பெற்றுக்கொண்டேன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் லேத்தின் முன் நின்றவன். மயிரிழையையும் அளக்கும் மைக்ரோமீட்டர் சொன்னால் ஒழிய எதையும் நம்புவதில்லை என்ற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இடது கண்ணின் பார்வையில் பெரும்பகுதி போனதும் அங்கேதான். பறந்து வந்த இரும்புச் சீவல் ஒன்று கண்ணில் குத்தியது. முதலுதவி அறை நூறு அடி தூரத்தில் இருந்தது. ஆனால் பக்கத்து இயந்திரக்காரர் கருணை மிகுந்தவர். தம் கைக்குட்டையின் முனையை முறுக்கி, எச்சில் தொட்டு, எடுத்தே தீர்வேன் என்று எடுத்தார். சீவல் வந்தது, தழும்பு தங்கியது. பட்டறை முழுவதும் அவரைப் பாராட்டியது. கண்ணைப் பொத்திக்கொண்டு நானும் நன்றி கூறினேன். அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் வருகிறார் என்பது தெரியும். யார் என்பது தெரியாது.

ஆகவே நான் இதுவரை வாசித்ததெல்லாம் வலது கண்ணால். அந்த வலது கண்ணில் சென்ற ஆண்டு புரை முற்றியது. எழுத்துகள் முதலில் மங்கின, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறின, இறுதியில் பக்கம் முழுவதும் சோற்றுக் கஞ்சியாயிற்று. ஐந்து மாதங்களாக நாளிதழை என் மனைவி வாசித்துக் காட்டினாள். அவள் வாசிப்பவை இரண்டே: யார் இறந்தார், தங்கம் என்ன விலை. சுரங்கம் மூடப்பட்ட ஊரில் தங்க விலை எதற்கு என்று கேட்டால், "நம்ம ஊட்டு சாமான் இன்னா வெலைக்குப் போவுதுன்னு தெரிஞ்சிக்க வேணாமா?" என்பாள். தலையங்கம் வாசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவாள்.

பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. புதன்கிழமை. மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அன்று கண்ணில் சிவப்போ பீளையோ இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். தலைகுனிந்து ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினேன். அதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில் காற்று எழுந்தது. மறுநாள் காலை எனது இரு கண்களும் செம்பருத்தியாயின.

செய்தி தெருவில் பரவியதும் வைத்தியம் வந்து குவிந்தது. எதிர்வீட்டம்மாள் நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்தார். அடுத்த தெருவிலிருந்து விளக்கெண்ணெய் வந்தது. தாய்ப்பால் சிறந்தது என்றார் ஒருவர். பிள்ளை பெற்ற தம் மருமகளின் சம்மதத்தைக் கேட்காமலே அதை வாக்களிக்கவும் செய்தார். இவர்கள் எல்லோரிடமும் நான் மரியாதையுடன் மறுப்புத் தெரிவித்தேன். அறிவியல் மனப்பான்மை உடையவன் என்ற பெயரை நாற்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்தவன் அல்லவா?

என்னை வீழ்த்தியவர் வேறொருவர்.

பாலகாட் சுரங்கத்தின் பக்கம், மேட்டின் அடிவாரத்திலேயே வசிப்பவர் அவர். என்னைவிட ஆறு வயது இளையவர். சுரங்கத்தின் அஸே ஆபீசில், அதாவது கல்லில் எவ்வளவு தங்கம் உண்டு என்று சோதிக்கும் அறையில், பணி செய்தவர். சுரங்கம் மூடிய பிறகு தபால்வழியே ஹோமியோபதி கற்றுச் சான்றிதழ் பெற்றார். சான்றிதழுக்குப் போட்ட சட்டம் சான்றிதழைவிடக் கனமானது. ஊரார் அவரை டாக்டர் என்பார்கள். அவர் மறுப்பதில்லை.

"இன்னாண்ணா, கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்து அமர்ந்தார். சட்டைப்பையிலிருந்து சிறு குப்பி ஒன்றை எடுத்தார். யூஃப்ரேசியா என்றார். சீமையில் புல்வெளிகளில் முளைக்கும் ஒரு மூலிகையாம். வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் புள்ளி, சுற்றிலும் ஊதா நரம்புக் கோடுகள். பார்ப்பதற்குச் சிவந்த கண்ணைப் போலவே இருக்குமாம். ஆகையால் சிவந்த கண்ணுக்கு அதுவே மருந்தாம்.

"அப்படிப் பார்த்தா சுரங்க ஷாஃப்ட் மேல சுத்துற சக்கரம் தலைசுத்தலுக்கு மருந்தா தம்பி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணில் நீரும் எரிச்சலும் உண்டாக்கும் பொருள் எதுவோ, அதையே மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் அதே நோயைத் தீர்க்கும் என்பது தம் சாஸ்திரத்தின் அடிப்படை என்றார்.

"அப்ப நம்ம சயனைடு மேட்டுத் தூசியவே கரைச்சு வுட்டா போதுமே!"

"அதையும் யோசிச்சிகினு கீறேன்," என்றார் அவர், முகத்தில் சிறு சுளிப்பும் இன்றி.

மருந்தின் செறிவைக் கேட்டேன். சாற்றில் ஒரு பங்கு எடுத்து நூறு பங்கு சாராயத்தில் கலப்பது. அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி நூறில். இப்படி ஆறு முறை. மனக்கணக்குப் போட்டேன். லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்தச் சாராயக் கரைசலில் சில சொட்டுப் பன்னீர் விட்டு அவரே கண்மருந்தாக்கியிருந்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே தம்பி," என்றேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அண்ணா, ஒரு டன் கல்லுல எவ்ளோ தங்கம் இருந்துச்சு?"

"நாலஞ்சு கிராம்."

"கல்ல கையில எடுத்துப் பார்த்தா தெரியுமா?"

"தெரியாது."

"ஒண்ணுமே இல்லைனு வெள்ளக்காரன் வுட்டுட்டு போனானா? கண்ணுக்குத் தெரியாதத நம்பித்தானே உங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஆற்காட்டுலேர்ந்து வந்து எட்டாயிரம் அடி ஆழத்துல எறங்குனாங்க?"

கை நீட்டிக் குப்பியை வாங்கிக்கொண்டேன். வேறு ஊரில் பிறந்தவன் எவனும் இந்த வாதத்தில் விழுந்திருக்க மாட்டான். வெறும் கல்லைப் பார்த்து அதற்குள் பொன் உண்டு என்று நம்பும் பழக்கம் எங்களுக்குத் தாய்மொழியோடு வந்தது. காணாத பொருளுக்காக உயிரைக் கொடுப்பது எங்களுக்குக் குலத்தொழில். அவர் என் தந்தையைச் சாட்சிக்கு அழைத்ததும் என் மைக்ரோமீட்டர் தலைகவிழ்ந்தது.

அவர் போன பிறகுதான் பதில் தோன்றியது. எனக்குப் பதில்கள் எப்போதும் வந்தவர் எழுந்து போன பிறகே தோன்றும். டன்னுக்கு நான்கு கிராம் என்றால் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. அதை அவரே நெருப்பில் உருக்கி, மீந்த பொன்மணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்து நிறுத்தவர். ஷிப்ட் மேஸ்திரி எவ்வளவு சத்தியம் செய்தாலும் தராசு அசையாவிட்டால் 'இல்லை' என்று எழுதியவர். லட்சம் கோடியில் ஒரு பங்கை அதே தராசில் வைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? கல்லிடம் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர் குப்பியிடம் ஏன் இவ்வளவு இளகினார்?

பெங்களூரில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, இந்த மூலிகைக்கு ஆதாரம் என்ன உண்டு என்று தேடி வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் அலுவலகத்திலிருந்து திரும்பும் மெட்ரோ ரயிலில் நின்றபடியே வாசித்தாள்.

"அப்பா, நூத்துக்கணக்கான வருஷமா யூஸ் பண்றாங்களாம். அது ஆதாரம் இல்லப்பா, பழக்கம். சின்னச் சின்னதா ஸ்டடி இருக்கு. போட்டவங்களுக்கு சரியாச்சுன்னு சொல்றாங்க. போடாதவங்களுக்கு எத்தன நாள்ல சரியாச்சுன்னு பல இடத்துல கேக்கவே இல்ல. கம்பேர் பண்ண ஆளே இல்ல."

"கண் சிவப்பு தானே ஆறாதா?"

"பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல தானே போய்டும்னு போட்டிருக்கு. அப்புறம், ஸ்டெரைல் இல்லாத எதையும் கண்ணுல வுடக் கூடாதாம். கேக்குதா? அப்பா? டன்னல்..."

தொடர்பு அறுந்தது. கடைசி வாக்கியம் எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒப்பிட ஆள் இல்லை! எனக்கு இரண்டு கண்கள் இருக்கின்றனவே. ஒரே தூசு, ஒரே முகம், ஒரே தலையணை. ஒரு கண்ணில் மருந்து, மறு கண்ணில் காய்ச்சி ஆற்றிய நீர். உலகம் செய்யாது விட்ட சோதனையை இந்தத் தெருவில் நான் செய்து முடிப்பேன் என்று எண்ணியபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

எந்தக் கண்ணுக்கு மருந்து என்பதைப் பாரபட்சமின்றித் தீர்மானிக்க வேண்டும் அல்லவா? நாணயம் ஒன்றைச் சுண்டினேன். தலை விழுந்தால் வலது, எண் விழுந்தால் இடது. எண் விழுந்தது. அதாவது மருந்து இடது கண்ணுக்கு. தழும்பேறிய, உதவாத, ஆளைக்கூட அறியாத கண்ணுக்கு. புதன்கிழமை மேசையில் படுக்க வேண்டிய என் வாசிக்கும் கண்ணுக்கு வெறும் நீர்.

சிறிது நேரம் யோசித்தேன். மூன்று முறை சுண்டி, இருமுறை விழுவதை எடுத்துக்கொள்வதே முறை என்று தோன்றியது. மீண்டும் எண் விழுந்தது. பிறகு ஐந்து முறை என்று விதியைத் திருத்தினேன். அடுத்த மூன்றும் தலை. மருந்து வலது கண்ணுக்கு என்று முடிவாயிற்று. மருந்தில் ஒன்றும் இல்லை என்று கணக்குப் போட்டவனும் நான்தான். அது கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சியவனும் நான்தான். எந்த மருந்துக் கம்பெனியும் செய்யாத மோசடியை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நான் செய்தேன். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

சிவப்பை மதிப்பிடும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தேன். எந்தக் கண்ணில் மருந்து என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. ஆகவே கதவுக்குப் பின்னால் நின்று விட்டுக்கொள்வேன். சுழியம் முதல் நான்குவரை எண் தரச் சொன்னேன். முதல் நாளே அவள் முகத்தருகே வந்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாங்க, வலது கண்ணுலேர்ந்து சாராய வாசனை வருது?"

"நீ வாசனை பாக்காத. நம்பர் சொல்லு."

"நம்பர்லாம் எனக்குத் தெரியாது. இடது பழுத்த தக்காளி. வலது மிளகாத்தூளு."

நான்காம் நாள் இடது கண் 'பழுக்காத தக்காளி' ஆயிற்று. வலது கண் இன்னும் மிளகாய்த்தூள். விடும்போதெல்லாம் தீயாய் எரிந்தது. குப்பிக்காரரை வரவழைத்துக் காட்டினேன். அவர் மகிழ்ச்சியடைந்தார்.

"எரியுதா? அப்ப புடிச்சிகிச்சு! நோயக் கெளப்பி வுட்டுதான் தீக்கும். இதுக்குப் பேரே இருக்குதுண்ணா."

"மருந்து போடாத இடது கண்ணு நல்லாகுதே தம்பி?"

"வலது கண்ணுல போட்டது இடதுக்குப் போய் வேலை செய்யுது. ரெண்டும் ஒரே தலையில தானே கீது?"

கண் ஆறினால் மருந்தின் வெற்றி. ஆறாவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்பதன் அறிகுறி. மருந்திடாத கண் ஆறினால் மருந்தின் பெருந்தன்மை. தோற்பதற்கு ஒரு வழிகூட இல்லாத ஓர் ஏற்பாட்டை நான் அதற்குமுன் தேர்தல் கட்சிகளிடம் மட்டுமே கண்டிருக்கிறேன். இவ்வளவும் விளங்கிய பிறகும் நான் சொட்டு விடுவதை நிறுத்தினேனா என்றால், இல்லை. சோதனையைப் பாதியில் கைவிடுவது அறிவியலுக்கு இழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பாதியில் விட்டால் நாணயத்தை நினைக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் நாள் இடது கண் வெளுத்தது. "இது சுத்தம். அது மட்டும் இன்னாத்துக்கு இப்புடி? ரெண்டும் கண்ணுதானே, ஒண்ணுக்கு மட்டும் இன்னா தனி மரியாதை பண்றீங்க?" என்று மனைவி குப்பியைப் பிடுங்கப் போனாள். நான் கொடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ஊரிகம் ரயில் நிலையத்தில் இருவரும் ஏறினோம். அந்த நேரத்து ரயிலில் இருக்கை கிடைப்பது பெங்களூரில் வீடு கிடைப்பதைவிடக் கடினம்; வேலைக்குப் போகும் ஊரே அதில் நிற்கும். ஓர் இளைஞன் என் கண்ணை ஏறிட்டுப் பார்த்தான். "மெட்ராஸ் ஐ, மச்சா!" என்றான். இரண்டு நிமிடத்தில் எதிரும் புதிருமாக நான்கு இடங்கள் காலியாயின. கால் நீட்டிக்கொண்டு பயணம் செய்தோம். அந்த மருந்தினால் விளைந்ததாக என்னால் ஐயமற நிறுவக்கூடிய பயன் இது ஒன்றே.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் என் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல ஒளி பாய்ச்சிப் பார்த்தார்.

"அங்கிள், கண்ணுல என்ன விட்டீங்க?"

"ஒரு மூலிகை. மிகவும் நீர்க்கச் செய்தது."

"எவ்ளோ நாளா?"

"பதினோரு நாள். ஒரு கண்ணுக்கு மட்டும். ஒப்பிடுவதற்காக."

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குப்பியை வாங்கித் திறந்து முகர்ந்தார். "மூலிகையைப் பத்தி அப்புறம் பேசலாம் அங்கிள். இதுல ஸ்பிரிட் இருக்கு. டெய்லி ஸ்பிரிட் விட்டு கருவிழி மேல தோல உரிச்சு வெச்சிருக்கீங்க. நல்லவேளை, சீழ் பிடிக்கல. இன்னிக்கு ஆபரேஷன் முடியாது. அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

லட்சம் கோடியில் ஒரு பங்கு மூலிகையைப் பற்றி அத்தனை கணக்குப் போட்ட நான், மீதிப் பங்கு என்ன என்று ஒரு முறையாவது கேட்டுக்கொண்டேனா? மருந்து இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டே சாராயத்தைக் கண்ணில் ஊற்றியிருக்கிறேன். என் மனைவி முதல் நாளே மூக்கால் கண்டுபிடித்துச் சொன்னாள். அவளை மதிப்பெண் போடச் சொன்னேனே தவிர, அவள் சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அவளோடு ரயிலில் திரும்பினேன். பங்காருப்பேட்டை தாண்டியதும், "இன்னும் ரெண்டு மாசம் நான்தான் பேப்பர் படிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். அதைவிடக் கடுமையான வசவை நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் மரண அறிவிப்புகளையும் தங்க விலையையும் கேட்டேன். வலது கண்ணுக்கு மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் விடவில்லை. தோல் வளர்ந்தது, சிவப்பு அடங்கியது, அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் நாளிதழைத் தலையங்கத்திலிருந்து அச்சக முகவரிவரை ஒரே மூச்சில் வாசித்தேன். தலையங்கம் ஏழு மாதத்துக்கு முன்பு இருந்ததைப் போலவே மட்டமாக இருந்தது. ஆயினும் அதை என் கண்ணாலேயே பார்த்து வெறுத்தேன்.

அன்று மாலை குப்பிக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் நலம் விசாரிக்க வந்தார். "உள்ள நம்ம மருந்து கொஞ்சம் வேலை செஞ்சதுனாலதான் ஆபரேஷன் இவ்ளோ சுலபமா போச்சு," என்று தொடங்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தைத் தெளிவாகக் காண்கிறேன். இமை விளிம்புகள் தடித்திருந்தன. வெள்ளை விழி என்று ஒன்று இல்லை. இரண்டும் பழைய செங்கல் நிறம். ஓரத்தில் நீர் கோத்து நின்றது.

"இது எவ்ளோ நாளா தம்பி?"

"எது? கண்ணா? அது ரொம்ப வருஷமா அப்புடித்தாண்ணா. மேட்டுக்குக் கீழ ஊடு. இன்னா பண்றது?"

"உன் மருந்த நீ போடறதில்லையா?"

"டெய்லி போட்றேன்," என்றார்.

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணோரத்து நீரைத் துடைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் தெருத்தெருவாக அந்தக் கண்களோடு கண்மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் சிவந்திருக்கும் ஊரில் வைத்தியர் கண்ணை யார் பார்ப்பார்? அவர் ஏமாற்றுக்காரர் என்று மனத்துக்குள் ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். அதில் பாதியை அந்த நிமிடம் கிழிக்க வேண்டியதாயிற்று. பிறரை ஏமாற்றியவர் தம்மைத் தவிர்த்திருப்பார். இவர் முதல் சொட்டைத் தமக்கே விட்டுக்கொண்டவர்.

"திங்கக்கெழமை எனக்கு செக்கப். கூட வா. அந்த டாக்டரம்மாகிட்ட காட்டலாம்."

"ஐயோ, நான் போயா? தெருவுல இன்னா சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கண்ணு தெரிஞ்சாத்தானே சொல்லுவாங்க," என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

திங்கட்கிழமை அவர் வந்தார். யாரும் அடையாளம் காணக் கூடாதென்று ஒரு கறுப்புக் கண்ணாடியும், காது வரை ஒரு மஃப்ளரும் அணிந்து ஊரிகம் நடைமேடையின் கடைசி முனையில் நின்றிருந்தார். அவ்வழியே போன மூன்று பேர் அவரை "இன்னா டாக்டர், பெங்களூரா?" என்று கேட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன். ரயில் வந்தது. வாசல்வரை ஆட்கள். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"கண்ணாடியக் கழட்டு தம்பி."

"இன்னாத்துக்குண்ணா?"

"கழட்டு. ரெண்டு பேருக்கும் சீட்டு வேணும்."